ஊற்றியவள் ஒருத்தி, சொன்னவள் ஒருத்தி

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அவளுக்குக் கமா என்று பெயர். பேச்சு நடுவில் நின்று நின்று போவதால் யாரோ ஒரு குறும்புக்காரி வைத்தது. வைத்தவள் வேலையை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது, பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. சின்னவர்களுக்குக் கமாக்கா. மாதாகோயில் பாடகர் குழுவிலும் கமாக்கா. அவள் இதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. முற்றுப்புள்ளி என்று வைக்காமல் விட்டார்களே என்று ஒருமுறை துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டிச் சிரித்திருக்கிறாள்.

திக்குவாய் என்றால் எல்லா எழுத்திலும் திக்கும் என்று நினைப்பவர்கள் திக்குவாய்க்காரர்களோடு பழகாதவர்கள். கமாக்காவுக்கு எதிரி ஒரே எழுத்துதான்: த. அது சொல்லின் முதலில் வந்து நின்றுவிட்டால் போச்சு, நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரவே வராது. அதனால் ஐம்பத்தெட்டு வருஷமாகத் த-வைச் சுற்றிக்கொண்டு போகப் பழகியிருந்தாள். தண்ணீரை நீர் என்பாள். "குடிக்கக் கொஞ்சம் நீர் கிடைக்குமா" என்று அவள் கேட்டால் சலவைக்கூடமே "புலவரம்மா வந்துட்டாங்க" என்று எழுந்து நின்று கும்பிடும். தலைவலியை மண்டையிடி என்பாள், தப்பைப் பிழை என்பாள். தங்கையைப் பாப்பா என்பாள். பாப்பாவுக்கு வயது நாற்பத்தாறு.

இதில் ஊரார் செய்கிற உதவி ஒன்று உண்டு. அதைப் போல எரிச்சலூட்டும் உதவி உலகத்தில் வேறு கிடையாது. அவள் வாய் ஒரு சொல்லில் நின்றதும் எதிரே இருப்பவர் அந்தச் சொல்லை முடித்துக் கொடுப்பார். மூன்று பேர் நின்றால் மூன்று சொல் வரும். அவள் களைத்துப்போய் அதில் ஒன்றுக்குத் தலையாட்டிவிடுவாள். தக்காளி கேட்கப் போய்த் தேங்காயோடு வீட்டுக்கு வந்த நாள்கள் உண்டு.

பாட்டில் மட்டும் திக்காது. அது எப்படி என்று யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஞாயிறு காலையில் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று அவள் திருப்பாடலை எடுத்தால் த எத்தனை முறை வந்தாலும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரிப் போய்க்கொண்டே இருக்கும். வாரம் முழுக்கக் கமாவாக இருப்பவள் ஞாயிறன்று ஒரு மணி நேரம் மட்டும் யாருடைய உதவியும் வேண்டாதவளாக இருந்தாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது தங்கைக்கு ஒன்பது வயது, இவளுக்கு இருபத்தொன்று. அன்று சலவைக்கூடத்துக்குள் போனவள் இன்னும் வெளியே வரவில்லை. வார்டுகளிலிருந்து விரிப்புகள் மூட்டையாக வரும். வெந்நீரில் அலசி, பிழிந்து, சூடான இஸ்திரி உருளைக்குள் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். ஒருத்தியால் முடியாத வேலை அது, இரண்டு பேர் பிடித்தால்தான் ஒரு விரிப்பு மடியும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தங்கையைப் படிக்கவைத்தாள், ஒரு பஸ் டிரைவருக்குக் கட்டிக்கொடுத்தாள், அவர்களோடு ஓர் இரண்டாவது மாடி வீட்டில் இருந்துவிட்டாள். தங்கை தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்தாள்.

பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகல், மூன்று மணி இருக்கும். மேலே பிரசவ வார்டிலிருந்து சலவைக்கூடத்துக்கு ஆள் வந்தது. தங்கைக்கு இரண்டு மாதம் முன்னதாகவே வலி கண்டு, வயிற்றைக் கிழித்துப் பிள்ளையை எடுத்திருந்தார்கள். தங்கைக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை, டிரைவர் எங்கேயோ ஒரு நெடுஞ்சாலையில் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். உருளைச் சூடு ஆறாத கைகளோடு இவள் மாடி ஏறி ஓடினாள். ஒரு கையகலம் பையன். நர்ஸம்மா அவன் மூக்கின் மேல் மூடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காற்றுப்பையை அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளும் கோயிலுக்கு வருகிறவள்தான்.

"பிழைக்க மாட்டான்க்கா," என்றாள். "என் ரெண்டு கையும் மாட்டியிருக்கு. நீங்களே ஞானஸ்நானம் கொடுத்திடுங்க. சீக்கிரம்."

ஆபத்து நேரத்தில் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்ததுதான். மருந்து அளக்கும் சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்தாள். தங்கையும் டிரைவரும் முன்பே தீர்மானித்து வைத்திருந்த பெயரைச் சொன்னாள், நன்றாகவே வந்தது. அடுத்து, தந்தை மகன் தூய ஆவியின் பெயரால் என்று சொல்லிக்கொண்டே ஊற்ற வேண்டும், முதல் சொல்லே தந்தை. அதற்கு மாற்றுச் சொல் கிடையாது. தண்ணீருக்கு நீர் போட்ட மாதிரி அங்கே எதையும் போட முடியாது, ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்றுதான் பிரம்படியோடு படித்திருந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. த, த, த என்று மூச்சுதான் வந்ததே தவிரச் சொல் வரவில்லை. பாடினால் வரும் என்று அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தோன்றியது. சாகிற பிள்ளையின் தலைமாட்டில் நின்று பாடுவதா, பாடினால் அது ஞானஸ்நானம் ஆகுமா, பாட்டாகப் போய்விடுமா என்றும் தோன்றியது. அதற்குள் நர்ஸம்மா, ஊர் முழுக்கச் செய்கிற அதே உதவியைச் செய்தாள். அவளே எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லிவிட்டாள். "ஊத்துங்கக்கா" என்றாள். இவள் மூன்று முறை ஊற்றினாள்.

எட்டு நிமிஷம் இருந்தான் பையன்.

தங்கை கண் திறந்ததும் பிள்ளை எங்கே என்று கேட்டாள். புரிந்துகொண்டதும் அடுத்துக் கேட்டது, ஞானஸ்நானம் கொடுத்தீர்களா, யார் கொடுத்தது என்று. நர்ஸம்மா இவளைக் காட்டினாள். இவள் தலையாட்டினாள். தலையாட்டலுக்குத் திக்கு கிடையாது. கோயில் பதிவேட்டிலும் அப்படியே ஒரு வரி ஏறியது: பிள்ளையின் பெயர், தேதி, கொடுத்தவர் பெரியம்மா.

தங்கைக்கு அப்புறம் பிள்ளை பிறக்கவில்லை. அந்த ஒரு வரிதான் அவளுக்கு எல்லாம். ஒவ்வொரு வருஷமும் அந்தத் தேதியில் கோயிலின் பங்கு அலுவலகத்துக்குப் போய், பதிவேட்டைப் பிரித்துக் காட்டச் சொல்லி, விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். ஒரு பிரதியும் எடுத்துக் கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தாள். ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் கேட்டால், "என் பையன். எங்க அக்கா கையால ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தான் போனான்" என்று சொல்லுவாள். கேட்டவர்கள் சங்கடப்படுவார்கள், அவள் சங்கடப்பட மாட்டாள்.

பொதுநிலையினருக்கான, அதாவது சாமியார் ஆகாதவர்களுக்கான, இறையியல் வகுப்பு என்று கோயிலில் அறிவித்தபோது படிவத்தை நிரப்பி அக்காவைச் சேர்த்துவிட்டதும் தங்கைதான். முப்பது வருஷமாகப் பாடுகிறாயே, என்ன பாடுகிறாய் என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்று கேட்டாளாம். மூன்று வருஷப் படிப்பு, சனிக்கிழமைதோறும் மூன்றிலிருந்து ஐந்து வரை. இடம் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. முழங்கால் இடிக்கும் பெஞ்சுகளில் ஓய்வுபெற்ற தபால்காரர், முடிதிருத்துபவர், இரண்டு டீச்சர்கள் என்று இருபது பேர் மடங்கி உட்காருவார்கள். நடத்துகிறவர் அப்போதுதான் மேல்படிப்பை முடித்துவிட்டு வந்திருந்த இளம் ஃபாதர். வாய் கூசுகிறவர்களுக்காக ஒரு பழைய பிஸ்கட் டப்பாவைச் சந்தேகப் பெட்டி என்று மேஜைமேல் வைத்திருந்தார். பெயர் போடாமல் எழுதிப் போடலாம்.

கமாக்காவுக்கு அந்த வகுப்பு அவ்வளவு பிடித்தது. தான் இத்தனை நாளும் பாடிய திருப்பாடல்களில் பாதி, கடவுளை நேருக்கு நேர் நிறுத்தி வைத்துக் கேட்ட கேள்விகள் என்று தெரிந்தபோது திடுக்கிட்டாள். அவரிடம் இப்படியெல்லாம் பேசலாமா என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள். எல்லாவற்றையும்விட அவளைத் தூக்கிப்போட்டது, பைபிளில் அடிமைப்பட்ட மக்களைக் கடல் கடத்திக் கூட்டிவந்த தலைவனே வாய் திக்குகிறவன் என்ற பாடம். எனக்குப் பேச வராது என்று அவன் கடவுளிடமே சாக்குச் சொல்லியிருக்கிறான். கடவுள் அவனுடைய அண்ணனைப் பேசச் சொல்லி அனுப்பியிருக்கிறார். கோல் ஒருவன் கையில், பேச்சு ஒருவன் வாயில். அதைக் கடவுள் ஏற்றுக்கொண்டிருக்கிறார்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது அவளுக்கு நர்ஸம்மாவின் ஞாபகம் வந்தது. பதினேழு வருஷமாக உள்ளே ஒரு முள் இருந்திருக்க வேண்டும், அது கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அடுத்த சனிக்கிழமை பெட்டியில் சீட்டுப் போட்டாள். பயந்து போடவில்லை. ஆமாம் என்று ஒருமுறை காதால் கேட்டுவிட வேண்டும் என்ற ஆசையில் போட்டாள். எழுத்தில் அவளுக்குத் த திக்காது, தண்ணீர் என்றே எழுதியிருந்தாள், ஞானஸ்நானத்துக்கு வகுப்பில் சொல்லும் திருமுழுக்கு என்ற பெயரையும் போட்டிருந்தாள்: ஆபத்து நேரத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் வார்த்தைகளைச் சொன்னால் அந்தத் திருமுழுக்கு செல்லும் அல்லவா?

ஃபாதர் சீட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "செல்லாது. ஊத்துறவர்தான் சொல்லணும். ஒருத்தர் சாப்பிட்டு இன்னொருத்தர் ஏப்பம் விட முடியுமா?"

"எங்க வீட்ல நடக்குது ஃபாதர்," என்றார் தபால்காரர். "குறட்டை நான் விடுறேன், தூக்கம் அவளுக்குப் போகுது."

வகுப்பே சிரித்தது. கமாக்காவும் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் சீட்டு யாருடையது என்று தெரிந்துவிடும்.

மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நாலாவது வாரம் எல்லாவற்றையும் நான்கு பக்கத்துக்கு எழுதிக்கொண்டுபோய் வகுப்பு முடிந்ததும் ஃபாதர் கையில் கொடுத்தாள். அவர் தாழ்வாரத்தில் நின்றபடியே படித்தார். இரண்டாம் பக்கத்திலேயே அவர் முகம் செத்துப்போனது. முதலில் அந்த ஏப்பத்துக்கு மன்னிப்புக் கேட்டார். அப்புறம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்: திருமுழுக்கு நமக்குத்தான் வழி, கடவுளின் கையைக் கட்டிப்போடும் கயிறு இல்லை. அது கிடைக்காமல் போன குழந்தைகளைத் திருச்சபை கடவுளின் இரக்கத்தில்தான் ஒப்படைக்கிறது, அவர்கள் நரகத்தில் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பதிவேட்டைத் தோண்டித் துருவிப் பார்க்க அவராகப் போகப்போவதும் இல்லை. கமாக்கா எல்லாவற்றையும் கேட்டாள், எல்லாம் புரிந்தது. ஒன்றை மட்டும் எழுதாமல் வாயால் கேட்டாள்.

"பாடியிருந்தா, ஃபாதர்?"

நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. "பாடினாலும் செல்லும்மா. வார்த்தைதான் முக்கியம், ராகம் எதுவா இருந்தா என்ன," என்றார்.

கடவுளைப் பற்றி அவளுக்கு அப்போதும் கவலை இல்லை, இப்போதும் இல்லை. பையனை அவர் பார்த்துக்கொள்வார் என்று முழுக்க நம்பினாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது தன்னைத்தான். வழி கையிலேயே இருந்திருக்கிறது. வாரா வாரம் ஊரையே கூட்டி வைத்துப் பாடியவள், தேவைப்பட்ட ஒரே ஒரு பிற்பகலில் வாயை மூடிக்கொண்டு அடுத்தவளைச் சொல்லவிட்டிருக்கிறாள். அதற்கு அவளுக்கு மன்னிப்பே கிடைக்கவில்லை, ஏனென்றால் கொடுக்க வேண்டியவளும் அவளேதான்.

தங்கையிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் அந்த ஒரு வரி போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. ஒரு வருஷம் சொல்லவில்லை. தங்கை அந்தத் தேதியில் வழக்கம்போலப் பங்கு அலுவலகத்துக்குப் போனாள், இவளும் கூடப் போய் வெளியே நின்றாள். படிப்பும் முடிந்தது, சான்றிதழும் வந்தது. தங்கை அதைக் கலரில் நாலு பிரதி எடுத்து டிரைவரின் பஸ்ஸில்கூட ஒன்றை ஒட்டப் பார்த்தாள்.

மூன்றாவது மாடியில் ஒரு சின்னப் பெண் குடியிருந்தாள், அவளும் கோயில்காரி. அவளுக்குப் பிள்ளை பிறந்த அன்றே இறந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் இறங்கி வந்தாள். இந்த மாதிரி வருகிறவர்களைத் தங்கை உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொள்வாள், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் எப்போதும் சொல்கிறதை அன்றும் சொன்னாள்: என் பையன் ஞானஸ்நானம் வாங்கிட்டுத்தான் போனான், அதுதான் எனக்கு ஆறுதல்.

"என் பொண்ணுக்கு யாருமே ஊத்தலையேக்கா," என்றாள் அந்தப் பெண். "அப்ப அவ எங்க போயிருப்பா?"

தங்கை, கதவோரம் துணி மடித்துக்கொண்டிருந்த கமாக்காவைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா படிச்சிருக்கு. அதைக் கேளு," என்றாள் பெருமையாக.

கமாக்கா ஃபாதர் சொன்னதையெல்லாம் சொல்லிப் பார்த்தாள். கடவுளின் கையை யாரும் கட்ட முடியாது, அவர் இரக்கம் பெரிசு. அந்தப் பெண் மரியாதைக்குத் தலையாட்டினாள். "உங்களுக்கு உறுதி இருக்கு, சொல்றீங்க. எனக்கு அது இல்லையே," என்றாள். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மடியில் வைத்திருந்த இரண்டு கைகளும் ஏந்துகிற மாதிரியே குவிந்திருந்தன, அவளுக்கே அது தெரியவில்லை. கமாக்காவால் அதற்குமேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் இருக்காங்க," என்றாள். "எங்க பையனுக்கும் ஆகலை. நான் ஊத்துனேன். சொன்னது நான் இல்ல, நர்ஸம்மா. அப்படிச் செஞ்சா செல்லாது. வகுப்புல கேட்டுட்டேன்."

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நெடுநேரம் பிடித்தது, வழக்கமாகத் திக்காத எழுத்தெல்லாம் அன்று திக்கியது. யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. அடுத்து என்ன சொல் வரப்போகிறது என்று அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்றாவது மாடிப் பெண் அழுதுகொண்டே எழுந்து வந்து கமாக்காவைக் கட்டிக்கொண்டாள். அவள் படியேறிப் போகும்போது வந்தபோது இருந்த கனம் இல்லை. அந்தக் கனம் தங்கையின் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தது. அவள் எழுந்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள்.

"இதைக் கண்டுபிடிக்கவா மூணு வருஷம் படிச்ச?" என்று கேட்டாள். "ஒரு தடவை போனவனை ரெண்டாவது தடவையும் அனுப்பிட்டியேக்கா."

அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குமேல் அவர்களுக்குள் பேச்சு இல்லை. சாப்பாடு நடந்தது, துணி காய்ந்தது, டிரைவர் நடுவில் உட்கார்ந்து உப்பைக் கேட்டு வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொடுத்துக்கொண்டிருந்தார். சலவைக்கூடத்தில் கமாக்கா உருளைக்குத் துணி கொடுக்கும்போது எதிர்முனையைப் பிடித்தவள், ஏன்க்கா இழுக்காமல் விட்டுவிடுகிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டாள். ஞாயிறுகளில் பாடினாள். பாட்டு திக்கவில்லை. திக்கியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்தத் தேதி வந்தது. தங்கை அலுவலகத்துக்குப் போகவில்லை. பிற்பகல் மூன்று மணிக்குக் கமாக்கா சலவைக்கூடத்தில் சொல்லிவிட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடையில் ஆள் இல்லை. இயந்திரம் அணைத்துக் கிடந்தது, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். தங்கை மேஜைக் கண்ணாடியைத் தூக்கி அந்தப் பிரதியை வெளியே எடுத்து வைத்திருந்தாள். கிழிக்கவில்லை, திரும்ப உள்ளேயும் வைக்கவில்லை.

"உக்காரு," என்றாள். அது ஒரு மாதத்துக்கு அப்புறம் பேசிய முதல் சொல். கமாக்கா உட்கார்ந்தாள்.

"உனக்கு வராதுன்னு எனக்குத் தெரியாதா? சின்ன வயசுல என் பேரையே சொல்ல முடியாமத்தானே பாப்பான்னு கூப்பிட்ட," என்றாள் தங்கை. "அதுக்கு நான் கோவிச்சுக்கலை. ஆனா நேத்து ஒண்ணு தோணுச்சு. பாட்டுல உனக்குத் திக்காதே அக்கா. பாடியிருக்கலாமே?"

கமாக்கா ஒரு வருஷமாகப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"கேட்டுட்டேன் பாப்பா," என்றாள். "பாடியிருந்தா செல்லுமாம். அன்னைக்கு எனக்குப் புரியலை."

தங்கை அழவில்லை. பிரதியை மேஜையில் வைத்து இரண்டு உள்ளங்கையாலும் நீவினாள்.

"இப்பப் பாடு."

"இப்போ அது ஆகாது பாப்பா. உயிரோட இருக்கிறவங்களுக்கு மட்டும்தான். எனக்கு நல்லாவே..."

"நானும்தான் உன் நோட்ஸையெல்லாம் பிரதி எடுத்தேன். எனக்கும் தெரியும். பாடு."

கமாக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஞாயிறன்று பாடுகிற ராகத்திலேயே எடுத்தாள். முதலில் பையனின் பெயர். அப்புறம் அந்தச் சொல். நாக்கு பல்லைத் தொட்டது, விட்டது. தந்தை வந்தது, மகன் வந்தது, தூய ஆவி வந்தது, மிச்சமும் வந்தது. ஓர் இடத்திலும் திக்கவில்லை. ஒரு மூச்சுக்குள் முடிந்துவிட்டது.

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டி ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்றார்கள். தங்கை எழுந்திருக்கவில்லை.

"இவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள்.

"இவ்வளவுதான்," என்றாள் கமாக்கா.